ஐம்பத்து மூன்றில் மூன்று படி

...அப்படியானால் பன்னிரண்டு சுரங்கள் போதாது, பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோதான் அவள் நிற்கிறாள், என்று நினைத்தான் இருதயராஜ், ஹப்சிகுடா வீட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், மடிக்கணினியின் முன்னால். காய்ச்சல் விட்டதிலிருந்து எல்லா ஓசையும் இரண்டாகக் கேட்கிறது, வலது காதில் ஒன்று, இடது காதில் அதைவிடச் சற்று மேலே இன்னொன்று... குக்கர் விசில் இரண்டு, லிப்ட் மணி இரண்டு, அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் ரோஸ்லின்? மனைவி வாயைத் திறந்தால் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வேறொருத்தி அதே சொற்களை மெல்லிய குரலில் சொல்கிறாள். அந்த வேறொருத்திக்குப் பயந்துதானே, வலது காது ரோஸ்லின் பக்கம் இருக்கும்படி கட்டிலில் இடம் மாறிப் படுத்தான்? ரோஸ்லின் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதையும் இருவராகத்தான் கேட்டிருப்பார்கள்.

கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு அதிர்வு இரட்டிக்கிறது, அந்த இரட்டிப்பைச் சமமாக வெட்ட வேண்டும், கூட்டிக்கொண்டு போகிற சமம் அல்ல, ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டு போகிற சமம்... வலது காதில் ஒரு சுரத்தை நிறுத்தி, இடது காதின் சுரத்தை இறக்கிப் பார்த்தான். பன்னிரண்டாக வெட்டி ஒரு படி இறக்கினால் அதிகம், பத்தொன்பதில் ஒரு படி கொஞ்சம் போதவில்லை, முப்பத்தொன்றில் இரண்டு படி தாண்டிவிட்டது, ஐம்பத்து மூன்றில் மூன்று படி இறக்கியபோது இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஆக அவளுக்கும் ஓர் அளவு இருக்கிறது, அளந்துவிட்டால் பயம் எதற்கு? இடது காதை மட்டும் அவ்வளவு இறக்கும்படி நிரல் எழுதி, மைக்கை இணைத்து, காதுகளை அடைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரோஸ்லினைக் கூப்பிட்டான்.

"சோறு போடட்டா? ஹவ்வா நக்கோவா, வேணுமா வேண்டாமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

ஒரே குரல். பின்னால் யாரும் இல்லை. அவன் சிரித்தான், கண் கலங்கியது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"எதுக்கு, கைக்கு சிரிக்கிறீங்க? நேத்து காது டாக்டர் டெஸ்ட் பார்த்துட்டு போன் பண்ணாங்க, சொல்ல மறந்துட்டேன். உங்க இடது காது நல்லா இருக்காம். வலதுலதான் நரம்பு கெட்டிருக்காம்."

வலதிலா... அப்படியென்றால் பின்னால் நின்ற மெல்லிய குரல்தான் ரோஸ்லினா, எதை எதனோடு ஒட்டவைத்தான், இத்தனை நாள் யாரிடமிருந்து விலகி யார் பக்கம் திரும்பிப் படுத்தான்? ஹெட்போனைக் கழற்றினான். "என்னங்க ஆச்சு?" என்று இருவர் கேட்டார்கள். பழைய குரலைத் தேடினான், காய்ச்சலுக்கு முந்தையதை, லாலாகுடா கோயிலில் பாதிரியார் கேட்டபோது தலைகுனிந்து "சம்மதம்" என்றாளே, அது எந்தக் குரல்... கண்ணை மூடிக் காத்திருந்தான். பீடம் வந்தது, மெழுகுவத்தி வாசம் வந்தது, முக்காட்டுக்குள் உதடு அசைந்தது. சம்மதம் என்று இருவர் சொன்னார்கள்.