மூன்றாம் வாசலில் தூங்கிய குழந்தை

விமானப் பணிப்பெண்ணின் கைப்பெட்டிக்குள் அவளுடைய நான்கு வயது மகள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவதை மூன்றாம் வாசலின் எக்ஸ்ரே இயந்திரம் முதன்முதலில் காட்டியபோது மணி பிற்பகல் ஒன்றரை. திறந்து பார்த்தார்கள். ஒரு சீருடை, பல் பிரஷ், தட்டைச் செருப்பு. மூடி மறுபடி ஓட்டினார்கள். குழந்தை புரண்டு படுத்திருந்தது. அதே நேரம் அது பெரியம்மா வீட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்ததை போன் போட்டு உறுதி செய்தார்கள். அந்த விமான நிலையத்தில் ஊழியர்களைச் சோதிக்க மூன்று வாசல்கள், மூன்று சாஸ்திரங்கள். முதல் வாசலில் அடையாள அட்டையைக்கூடப் பார்க்காமல் தலையாட்டுவார்கள். இரண்டாவதில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். மூன்றாவதில், கழற்றியவர்களை யார் கழற்றச் சொன்னது என்று அதட்டுவார்கள். குழந்தை மூன்றாவதில் மட்டும்தான் தெரிந்தது. அப்படித் தெரிந்த முதல் இரண்டு நாட்களும் அவள் தாமதமாகப் போய் எழுத்தில் எச்சரிக்கை வாங்கினாள். மூன்றாவது தாமதத்துக்குப் பறக்கும் வேலை போய்விடும். தாய்க்கும் மகளுக்கும் வேறு வருமானம் கிடையாது.

மூன்றாம் முறை, மற்ற இரண்டு வாசல்களும் பூட்டியிருந்த நாளில், பாதுகாப்புத் தலைமை அதிகாரியே வந்தார். கண்ணாடி முன் நின்றால் தன்னிடமே அடையாள அட்டை கேட்கக்கூடியவர்.

"சார், அவ எங்க அக்கா வீட்டுல தூங்கறா. நேரமாச்சு, விடுங்க."

"திரையில இருந்தா இருக்குன்னுதாம்மா அர்த்தம். மெஷினையே நம்பலைன்னா அப்புறம் நான் எதுக்கு?"

தனியாகப் பயணம் செய்யும் சிறுவர்களுக்கான படிவத்தை எடுத்து நிரப்பினார். பெற்றவளே கூடப் போகும்போது எப்படித் தனியாக என்று எழுத அதில் கட்டம் இல்லை. முத்திரை விழுந்தது, குழந்தை பயணிகள் பட்டியலில் ஏறியது, பெட்டியும் போனது.

ஆனால் விமானம் கிளம்பவில்லை. பட்டியலில் நூற்று நாற்பத்தொன்று, இருக்கைகளில் நூற்று நாற்பது. தலைக்கணக்கு சரியாகாமல் கதவைச் சாத்தக் கூடாது. விமானி கீழே கேட்டார். அதிகாரிக்குத் தாம் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கும் வழக்கமில்லை என்று பதில் வந்தது. இன்னும் ஐந்து நிமிடம் போனால் தாமதம் அவள் பெயரில் விழும். "இன்னொரு தடவ எண்ணிடும்மா," என்றார் விமானி, அவள் முகத்தைப் பார்க்காமல். கையடக்கக் கருவியை அழுத்தி எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தாள். கடைசிக்கு முந்தைய வரிசையில், காலியான ஜன்னலோர இருக்கையில், பெல்ட் பூட்டியிருந்தது, நான்கு வயது இடுப்புக்குச் சரியாக இறுக்கி. அதற்கும் ஒரு அழுத்து அழுத்தினாள். கதவு நேரத்துக்குச் சாத்தப்பட்டது.

மறுநாள் வீட்டுக்குப் போனதும் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் ஜூஸ் குடுத்த. எனக்கு மட்டும் குடுக்கல."

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது: திரையில் தெரியும் குழந்தைகள், தூங்கும் நிலையில் இருந்தால், அனுமதிக்கப்படுவர். தலைமை அதிகாரிக்குப் பதவி உயர்வும் வந்தது. பணிப்பெண் இப்போதெல்லாம் முதல் வாசல் ஆளே இல்லாமல் திறந்து கிடந்தாலும் மூன்றாம் வாசல் வரிசையில்தான் போய் நிற்கிறாள். ஜூஸ் ஒன்று கூடுதலாக ஏற்றிக்கொள்கிறாள்.