நூறாவது முத்திரையும் ஒரு கையும்

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, பசியில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் சைக்கிள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வருடாந்தரப் பயணத்தின் கடைசி நாளில் மதியச் சாப்பாட்டு மேசைக்கு யார் கடைசியாக வந்து சேர்கிறாரோ, அவர்தான் பயண அறிக்கை எழுதி ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இந்த மே மாதம் பன்னிரண்டு பேர் ஐந்து நாள் போனோம். கடைசியாக வந்தவர்கள் இருவர்: ஃபிர்மனும் நானும். ஃபிர்மனின் முன்சக்கரம் என்னுடையதைவிட ஒரு சாண் முன்னால் இருந்ததாக மற்ற பத்துப் பேரும் வாயில் உருளைக்கிழங்கோடு சாட்சி சொன்னார்கள். அறிக்கையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அறிக்கை முடிந்துவிட்டது. பிரெஞ்சில் இரண்டு பக்கம். மழை பெய்தது, பாலாடைக்கட்டி நன்றாக இருந்தது, ஏழு பஞ்சர், ஒரு பல். (பல் யாருடையது என்பது வேறு கதை.) அதில் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். இந்தப் பிரெஞ்சு ஊரில் இருபத்தேழு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர்கூட இதுவரை உள்ளே வந்ததில்லை.*

* குழுவின் இளையவன் லோயிக், தன் கைப்பேசி எந்த எழுத்தையும் படம் பிடித்து மொழிபெயர்த்துவிடும் என்கிறான். போன மாதம் என் ஊறுகாய் பாட்டிலைப் படித்துவிட்டு அது ‘கோபமான எலுமிச்சை’ என்று காட்டியது. ஆகவே கவலையில்லை.

2

தொடக்கங்கள்.

‘மே மாதத்துக் காலைப் பனி, கோதுமை வயல்களின் மேல் மெல்லிய —’

அடித்துவிட்டேன். குழுவாகச் சைக்கிள் ஓட்டுகிறவர் வயலைப் பார்ப்பதில்லை. முன்னால் போகிறவரின் பின்புறத்தைப் பார்க்கிறார். ஐந்து நாளில் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பிரான்ஸைப் பார்த்தேன் என்றால், அதில் முந்நூறு லோயிக்குடையது.

‘வாழ்க்கை ஒரு நீண்ட ஏற்றம். அதில் நாம் எல்லோரும் —’

இதை எழுதியவள் யாரென்று எனக்குத் தெரியாது.

‘ஃபிர்மனுக்கு எழுபத்தாறு வயது. அவருக்கு ஒரே ஒரு முத்திரை பாக்கி இருந்தது.’

இது இருக்கட்டும்.

3

சைக்கிள்காரர்களுக்கென்று ஓர் அட்டை இருக்கிறது. அதில் நாட்டின் நூறு ஊர்களின் பெயர்கள். ஒவ்வோர் ஊருக்கும் மிதித்துக்கொண்டு போய், அங்கே ஏதாவது ஒரு கடையில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். நான்காம் விதி: ‘முழுத் தூரமும் சொந்தக் காலின் பலத்தில்.’ நூறும் நிரம்பினால், விதிப்படியே நடந்தது என்று குழுவின் செயலாளர் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய பதக்கம் ஒன்று தபாலில் வரும்.

செயலாளர் நான்தான்.

ஃபிர்மன் முப்பத்தோரு வருடத்தில் தொண்ணூற்றொன்பது வாங்கியிருந்தார். அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மார்போடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்திருப்பார். நூறாவது ஊர் புய்-சேன்-லூப். நாலரை கிலோமீட்டர் ஏற்றத்தின் உச்சியில் ஒரு சதுக்கமும் ஒரு தேவாலயமும். இந்த வருடப் பயணமே அவருக்காக அந்த வழியாகப் போடப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. ஃபிர்மன் ஓய்வுபெறும்வரை பார்த்தது, சந்தைத் தராசுகளைச் சோதிக்கும் அரசாங்க வேலை. ஐந்து கிராம் குறைந்தாலும் தராசுக்குச் சீல் வைத்துவிடுவார். கதைக்கு இது தேவைக்கு மேல் பொருத்தமாக இருக்கிறது. அவரைத் தச்சராக மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். தச்சர் ஃபிர்மன் எனக்குப் பயம் தரவில்லை. தராசு ஃபிர்மன் தருகிறார். அதனால் உண்மையையே வைத்துக்கொண்டேன்.

4

ஐந்தாம் நாள் காலை. எங்கள் தலைவி அர்மெல் ஒரு பயணத் திட்டம் போட்டால், மதியச் சாப்பாட்டில் தொடங்கிப் பின்னோக்கித்தான் போடுவாள்.

“ஏம்ப்பா, எல்லாரும் கேட்டுக்கோங்க. ஒன்னேகாலுக்குக் கீழ ஆத்தோரத்து ஓட்டல்ல மேசை சொல்லியிருக்கேன். ஒன்றரைக்குச் சமையக்காரர் அடுப்ப அணைச்சிடுவார். அப்புறம் நீங்க அழுது பொரண்டாலும் ஒன்னும் கிடைக்காது.”

“என்ன போடுறாங்க?” என்றான் லோயிக்.

“உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். இரும்புச் சட்டியில, பூண்டு போட்டு. கரண்டியத் தூக்குனா நூல் நூலா வரும்.”

பன்னிரண்டு பேரும் ஒரு நிமிடம் பேசவில்லை. தேவாலயத்தில்கூட இவர்கள் இப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

“வழியில புய்-சேன்-லூப்ல ஃபிர்மனுக்கு முத்திரை. ரொட்டிக்கடை சதுக்கத்துலயே இருக்கு. அஞ்சு நிமிஷம், ஒரு போட்டோ, கெளம்பிடணும்.”

சாப்பாட்டு மேசையை ஒரு மாதம் முன்பே பதிவு செய்த குழு அது. அன்றைக்கு என்ன கிழமை என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

5

ஏற்றம் தொடங்கியதும் எல்லோரும் ஃபிர்மனையும் என்னையும் பின்னால் விட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள். லோயிக் என்னைத் தாண்டும்போது வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

“என்னக்கா, வாஷிங் மெஷின் இப்ப அலசுதா, புழியுதா?”

முட்டி போன பிறகு மோட்டார் வைத்த சைக்கிள் வாங்கியிருக்கிறேன். அதைத்தான் சொல்கிறான்.

(எங்கள் குழுவில் எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். லோயிக்கின் வாயில் ‘அக்கா’வை வைத்தது நான்; அவன் குரலில் அது ஏற்கனவே இருந்தது. அதேபோல ஃபிர்மனை நான் ‘நீ’ என்றுதான் பேசுவேன். தமிழில் எழுதும்போது கை வரவில்லை.)

“எனக்காக நிக்காத, வசு. முன்னாடி போ,” என்றார் ஃபிர்மன்.

“நான் நிக்கல. காத்து வாங்குறேன்.”

“ஓடுற சைக்கிள்லயா?”

“அது நல்ல காத்து.”

சாலையோரம் கல்தொட்டி இருந்த வளைவைத் தாண்டியதும் அவர் தோள் இரண்டும் ஆட ஆரம்பித்தன. சைக்கிள் சாலையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய் வந்தது. உச்சிக்கு இன்னும் எண்ணூறு மீட்டர். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

‘அவருடைய முதுகின் நடுக்கத்தைக் கண்டு என் நெஞ்சு இளகி —’

பொய். நான் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் உச்சியை அடைய ஒன்று ஐந்து. முத்திரைக்கு ஐந்து நிமிடம். அங்கிருந்து ஓட்டலுக்குப் பத்துக் கிலோமீட்டர். அடுப்பு அணைந்திருக்கும். என் கண் முன்னால் அந்தக் கரண்டியும் நூலும் வந்து நின்றன. மோட்டாரை முழுசாகத் திருப்பிவிட்டு, வலது கையை அவர் இடுப்புக்கு மேல் வைத்துத் தள்ளினேன்.

தள்ளும் கையைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் பேசுவதில்லை. தள்ளப்படுகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. தள்ளுகிறவர் வேறு எதையாவது பேச வேண்டும். களைத்தவரின் மானம் போகாமல் இருக்க யாரோ எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு அது. சாதாரண நாளில் அதில் ஒரு தப்பும் இல்லை.

“மேகம் கலையுற மாதிரி இருக்கு,” என்றேன்.

“ஆமா. கலையுது,” என்றார் ஃபிர்மன்.

அன்று வானத்தில் மேகமே இல்லை.

6

ஊர்ப் பெயர்ப் பலகை தெரிந்ததும் கையை எடுத்துவிட்டேன். சதுக்கத்தில் அர்மெல் தலையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் லோயிக். மற்றவர்கள் சாப்பாட்டைக் காப்பாற்றக் கீழே போயிருந்தார்கள்.

“திங்கக்கெழம! இன்னைக்குத் திங்கக்கெழம!” என்று கத்தினாள் அர்மெல்.

இந்த நாட்டுச் சின்ன ஊர்களில் திங்கட்கிழமை ரொட்டிக்கடைக்கு விடுமுறை. காப்பிக்கடைக்கும் விடுமுறை. முடிவெட்டுகிறவருக்கும் விடுமுறை. ஊராட்சி அலுவலகக் கதவில் ‘செவ்வாய், வியாழன்’ என்று எழுதியிருந்தது. ஃபிர்மன் ஒவ்வொரு கதவாகப் போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், மூடியிருக்கிறது என்று எழுதியிருந்த கதவையும்கூட.

ஒரே ஒரு கடையில் விளக்கு எரிந்தது. சவ அடக்கப் பொருள் கடை. கறுப்புக் கோட்டுப் போட்டவர் எழுந்து வந்து தலையைத் தாழ்த்தினார்.

“வாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு. யாருக்கு?”

“எனக்குத்தான்,” என்றார் ஃபிர்மன், சட்டைக்குள் கையை விட்டபடி. மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “உக்காருங்க, ஐயா. முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்கிறவங்களுக்கு நாங்க —”

“முத்திரை மட்டும் போதும்.”

லோயிக் வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முத்திரையில் கடையின் பெயருக்குக் கீழே ‘எந்த நேரமும் அழைக்கலாம்’ என்று இருந்தது. ஃபிர்மன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மை காயட்டும் என்று ஊதினார். “முப்பத்தோரு வருஷம்,” என்றார். அர்மெல் அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்று இருபத்தெட்டுக்கு ஃபிர்மனும் நானும் கடைசியாக ஓட்டலுக்குள் நுழைந்தோம். உருளைக்கிழங்கு நூல் நூலாகத்தான் வந்தது. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். இரண்டாவது தட்டின்போது எனக்கு எதிரே ஃபிர்மன் அட்டையை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார், எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

7

முடிவுகள்.

அ) கையெழுத்துப் போடுகிறேன். பதக்கம் வருகிறது. தராசுக்கே சீல் வைத்த மனிதர், நான் எடை குறைத்துக் கொடுத்ததைச் சட்டையில் குத்திக்கொண்டு வாழ்நாள் முழுக்கத் திரிகிறார். அவர் கண்ணாடி மாற்ற வரும்போதெல்லாம் நான் அவருடைய கண்களை ஓர் அடி தூரத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஆ) உண்மையைச் சொல்கிறேன். அவர் ‘தெரியும்’ என்கிறார்.

ஆ-1) அவர் ‘தெரியாது’ என்கிறார்.

இரண்டில் எது மோசம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். தவிர, தள்ளிய கையைப் பற்றி வாயைத் திறந்தால் வழக்கத்தை மீறியவள் ஆவேன். திறக்காமல் கையெழுத்திட்டால் விதியை மீறியவள்.

இ) கதையின் இந்த இடத்தில் ஃபிர்மன் திடீரென்று இறந்துபோகி —

வெட்கங்கெட்ட யோசனை. கதை சொல்கிறவர்களுக்கு வழி தெரியாதபோது கிழவர்களைத்தான் கொல்லத் தோன்றுகிறது.

8

நேற்று அவரே கடைக்கு வந்துவிட்டார்.

“கையெழுத்துப் போட்டுட்டியா, வசு?”

“இன்னும் இல்ல. பேனா சரியில்ல,” என்றேன். என் முன்னால் ஒரு குவளை நிறையப் பேனாக்கள் இருந்தன.

“நல்லதாப் போச்சு, போடாத. வீட்டுக்காரிக்கு அந்த முத்திரை புடிக்கல. நூறாவது எடத்துல சவப்பெட்டிக் கடையா, வெளங்குமான்னு கேக்குறா.”

அவர் மனைவியை எனக்குத் தெரியும். அந்த முத்திரையைப் பார்த்து அரைமணி நேரம் சிரித்துவிட்டு, எனக்கே போன் போட்டுச் சொன்னவர்.

“அதனால?”

“வியாழக்கெழம மறுபடி போறேன். ரொட்டிக்கடை தெறந்திருக்கும்.”

“அடிவாரத்துல இருந்தேவா?”

“அங்கருந்து போனாத்தான அது ஏத்தம்.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.”

அலமாரியிலிருந்து பெண்களுக்கான ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பொருந்தவே இல்லை. நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

“வா. மோட்டாரோடவே வா, அந்த முட்டிய வெச்சுக்கிட்டு வீம்பு பண்ணாத. ஆனா ஒன்னு.”

“சொல்லுங்க.”

கண்ணாடியைக் கழற்றி, இருந்த இடத்திலேயே மடித்து வைத்தார்.

“நீ முன்னாடி போ. திரும்பிப் பாக்காத.”

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. “சரி” என்றேன். இருவரும் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம் வழக்கம்தான்.

9

இன்று புதன்கிழமை. நாளை என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்க என்னால் முடியவில்லை. முடியாது என்பதைவிட, எழுத எனக்கு உரிமையில்லை. நான் முன்னால் போய்க்கொண்டிருப்பேன். கடைசி எண்ணூறு மீட்டரில் எனக்குத் தெரியப்போவது வெறும் சாலைதான். பின்னால் சக்கரச் சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன், திரும்ப மாட்டேன்.

அவருக்குப் பின்னால் வரப்போவது நீங்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் நீங்கள்தானே. கல்தொட்டி வளைவைத் தாண்டியதும் அவர் தோள் இரண்டும் ஆட ஆரம்பிக்கும். சைக்கிள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போகும். உங்களுக்கு மனசு கேட்காது. உங்களுக்கு என்னைவிட நல்ல காரணம்கூட இருக்கும்.

தயவுசெய்து இரண்டு கைகளையும் உங்கள் ஹேண்டில்பாரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.