வலப்பக்கத்து வார்

வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. சிறுவயதிலிருந்து மூட்டை சுமந்த தோள். இடதைவிட இறங்கியே இருக்கும். கிடங்கில் அவனுக்குத் தராசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஒருமுறை சொன்னவனுக்கு இப்போது முன்பல் இல்லை.

வெளிநாட்டில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. ஏஜெண்டு எடுத்த மலிவு டிக்கெட்டில் பெட்டி போட இடமில்லை. கையோடு கொண்டுபோகும் முதுகுப்பை ஒன்றுதான், அதுவும் ஏழு கிலோவுக்குள். கடைக்குப் போய்ப் பார்த்தான். சக்கரம் வைத்த பை காலியாகவே பாதி எடையைத் தின்றது. இலேசான பை, மாட்டியதும் வலப்பக்கம் வழுக்கி முழங்கையில் வந்து நின்றது. கடைக்காரர் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பையில் குறையில்லை என்றார். அதற்குமேல் பேசாமல் விட்டது அவருடைய பல்லுக்கு நல்லது.

பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் மச்சான், மனைவியின் தம்பி, தானே ஒன்று தைத்துத் தருவதாகச் சொன்னான். இரவல் வாங்கிய சைக்கிளைத் திருப்பித் தரவே நாலு தடவை நடக்க வைத்தவன். இதற்கு மட்டும் ஏன் துள்ளுகிறான்? ஆதாயமில்லாமல் எவன் ஆற்றில் இறங்குவான்? தெரிந்தவன் கொடுத்த சோப்புப் பொட்டலத்தைப் பையில் வைத்துப் போன ஒருவன், இறங்கிய இடத்திலேயே போதைப்பொருளோடு பிடிபட்டு இன்னும் வீடு திரும்பாத கதையைக் கிடங்கில் எல்லோரும் சொல்வார்கள்.

அந்த வாரம் கொடியில் காய்ந்த அவனுடைய நீல வேலைச்சட்டை காணாமல் போனது. மச்சான் வந்துபோன அன்றைக்கு.

பை வந்தது. இடது வார் சாதாரணமாக இருந்தது. வலது வார் தடித்திருந்தது. அழுத்தினால் உள்ளே ஏதோ மடிப்பு மடிப்பாகத் தட்டுப்பட்டது.

"உள்ள என்னடா?"

மச்சான் சுவரைப் பார்த்தான். "பஞ்சுதான் மாமா. மாட்டிப் பாருங்க."

"ஒரு பக்கம் மட்டும் ஏன் இவ்ளோ தடிப்பு?"

"தைக்கும்போது அப்படி ஆயிடுச்சு."

நாளெல்லாம் வார் தைக்கிறவனுக்கு அப்படி ஆகிவிடுமா? அவன் மாட்டிப் பார்க்கவே இல்லை. மனைவியிடம் சொன்னான். தையலைக் குறை சொன்னது போதாதென்று என் தம்பியைக் கடத்தல்காரனாகவும் ஆக்க வேண்டுமா என்று அவள் தட்டை ஓங்கி வைத்தாள். பிடிபட்டால் ஜெயிலுக்குப் போகப்போவது உன் தம்பியா, நானா என்று கேட்டான்.

கிளம்பும் நாள் காலையில் மூட்டை பிரிக்கும் கத்தியை எடுத்து, வலது வாரை நீளவாக்கில் கீறினான். விரலை விட்டு இழுத்தான். நீலத்துணி வந்தது. இழுக்க இழுக்க வந்தது. காலர், பித்தான் வெட்டிய முன்பக்கம், கடைசியில் மூட்டை உரசித் தேய்ந்த தோள்பகுதி. அவனுடைய சட்டை. உதறிப் பார்த்தான். வேறெதுவும் விழவில்லை.

வழியனுப்ப வந்த மச்சான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"கேட்டேன்ல. சொல்ல வேண்டியதுதான?" என்றான் இவன்.

"என்னன்னு சொல்றது? உங்க தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கு, பை நிக்காது, அதான் மெத்தை வெச்சேன்னா? எனக்குப் பல்லு வேணும் மாமா."

மனைவி சிரித்துவிட்டாள். மச்சானும் லேசாகச் சிரித்தான். புதுப் பஞ்சு வேர்வையில் கட்டி தட்டிவிடும், பழகின துணிதான் தோளுக்குப் படியும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். கிழிந்த சாக்கு தைக்கும் கோணி ஊசி வீட்டில் இருந்தது. சட்டையை மறுபடி மடித்துத் திணித்து, மச்சான் தரையில் உட்கார்ந்து கையாலேயே தைத்தான். ஆபரேஷன் செய்த வயிறுபோல் இருந்தது தையல். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். இவன் பையை மாட்டினான். அது நேராக நின்றது.

விமான நிலையத்தில் பை சோதனை இயந்திரத்துக்குள் நகர்ந்தபோது எட்டி எட்டிப் பார்த்தான். உள்ளே இருப்பது துணியென்று கண்ணால் பார்த்தவன்தான். ஆனாலும் தைக்கிற சாக்கில் மச்சான் எதையாவது சேர்த்து வைத்திருப்பானோ என்று ஒரு நினைப்பு ஓடியது. பை மறுபக்கம் வந்து விழுந்தது. காவலர் அடுத்த பையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உள்ளே போய் உட்கார்ந்து மச்சானுக்குப் போன் போட்டான். சோதனை முடிந்தது, பை நன்றாக இருக்கிறது என்றான். தோள் வலிக்கிறதா என்று மச்சான் கேட்டான். இல்லை என்றான். அடுத்துச் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்தான். விமானத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

காலையில் கத்தி எடுத்ததற்கு ஒன்று, இயந்திரத்தின் முன்னால் நினைத்ததற்கு ஒன்று. மச்சானுக்கு இரண்டு மன்னிப்பு பாக்கி.