ரூமுக்கு நாலு பேர்

ஆமத்தூரில் பாலகுருவுக்கு வீடு வாடகைக்குக் கிடைத்தபோது, வீட்டுக்காரர் ஒச்சப்பன் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்.

"ஒரு ரூமுக்கு நாலு பேரு. அதுக்கு மேல ஆள் சேரக் கூடாது, தம்பி."

முப்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர் அவர். அங்கே மருந்து ரூமுக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். வீட்டு வாசலிலும் மணல் வாளி வைத்திருந்தார். சிவகாசியில் அச்சக வேலை பார்த்த பாலகுருவுக்குச் சிரிப்பு வந்தது. தானும் மனைவி மாரிசெல்வியும் ரெண்டே பேர்தானே என்று தலையாட்டிவிட்டான்.

ஏழாம் மாதம் மாரிசெல்விக்கு வளைகாப்பு. அவள் பிறந்த ஊரான ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். ஒச்சப்பன் வாசலில் நின்று எண்ணி எண்ணி உள்ளே விட்டார். அடுப்படிக்கு நாலு, பின்னறைக்கு நாலு. முன்னறையில் மாரிசெல்வி, அவள் அம்மா பொன்மணி, அத்தைமார் இரண்டு பேர். மிச்சப் பேர் தெருவில்.

"முன்ரூமுல ஒரு ஆளு வெளிய வாங்க," என்றார்.

"நாலு பேருதானே இருக்கோம்?" என்றாள் பொன்மணி.

"வயித்துல இருக்கது ஆளில்லையா?"

"ஏன்யா, இங்கன என்ன வெடிமருந்தா கலக்குறோம்?"

ஒச்சப்பன் குரல் இறங்கியது. "கம்பெனில வெடிச்ச அன்னைக்கு என் ரூமுல ஏளு பேரு இருந்தாகம்மா. சீசன் ஆர்டர்னு நாந்தான் உள்ள விட்டேன்."

அத்தைமார் தாங்களாகவே எழுந்து தெருவுக்குப் போனார்கள். மாரிசெல்வி ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகளையும் வெளியே நீட்டினாள்.

"அங்கன இருந்தே போடுங்க."

வரிசையில் நின்று போட்டார்கள். பஸ்ஸுக்கு நின்ற பொம்பளைகளும் வந்து போட்டார்கள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கடைசியில் கையை இழுத்தால் வரவில்லை. வளைகாப்பில் வளையலைக் கழற்றவோ உடைக்கவோ யாருக்கும் மனசில்லை. கம்பியை அறுத்துவிடலாம் என்றான் பாலகுரு.

"பொறி பறக்குமே, தம்பி!"

ஒச்சப்பன் தெருவையே முப்பதடி தள்ளி நிற்க வைத்தார். அவர் மனைவி கற்பகவல்லி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, உதட்டைக் கடித்துக்கொண்டு அவரே ரம்பத்தால் அறுத்தார். அரைமணி நேரம் ஆனது. பொறி ஒன்றும் பறக்கவில்லை. மாரிசெல்வியின் பட்டுச்சேலைதான் தொப்பலாக நனைந்தது. கை உள்ளே வந்ததும் அவள் அடக்கமாட்டாமல் சிரித்தாள்.

ஒச்சப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். பொன்மணியே புளியோதரை கொண்டுவந்து கொடுத்தாள்.

"சாப்பிடுங்கண்ணே. நாங்களும் எல்லாரும் ஒண்ணா உக்காந்துக்கிடவா?"

"நாலு நாலு பேரா," என்றார், வாயில் சோற்றோடு.

கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.