கவுன்சிலர் கிரீர் சொல்லாத சொல்

அமெரிக்காவில் எங்கள் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பால் விடாத காபியைக் 'கறுப்பு' என்றுதான் கேட்பார்கள். எங்கள் வார்டு அலுவலகத்தில் மட்டும் "பால் வேணாம்" என்போம். கவுன்சிலர் லெமுவேல் கிரீரின் காதில் 'கறுப்பு' என்ற வார்த்தை விழக்கூடாது. தேர்தல் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவனுக்கு எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுக்காமல் விட்டு ஒருவன் அடி வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் நான்தானே.

காரணம் அவருடைய மனைவி ஆர்டீலியா. வெள்ளைக்காரன் எங்களை ஒரே மாதிரி பார்த்தான். நாங்கள் எங்களுக்குள் நிறத்தை வைத்து நாலு மாதிரி பார்த்துக்கொண்டோம். கிரீரின் அம்மா வெயிலில் நின்றால் கன்னம் சிவக்கிற நிறம். மகனும் நல்ல வெளுப்பு. ஆர்டீலியா அப்படி இல்லை. எங்கள் சர்ச்சிலேயே அவரைவிடக் கறுத்தவர் யாரும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவரைப் பார்த்து, "சிரிடி, அப்பதான் எங்க நிக்கிறேன்னு தெரியும்" என்பார்களாம். கல்யாணத்துக்கு மாமியார் வரவில்லை. "ஊர்ல வேற பொண்ணே கெடைக்கலையா? கரி மூட்டையத் தூக்கிட்டு வந்திருக்கான்" என்று எல்லார் வீட்டு வாசலிலும் நின்று சொன்னாள்.

கிரீர் அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள் சங்கக் கட்டடத்தில் சீட்டாடும்போது ராஸ்கோ பைனம் என்பவர், "எப்படி இருக்கா உன் கறுப்பி?" என்று கேட்டுவிட்டார். கேலிகூட இல்லை, சும்மா நலம் விசாரித்தார். கிரீர் விட்ட குத்தில் அவருக்கு இரண்டு பல் போயிற்று. அன்றிலிருந்து எங்கள் வார்டில் கிரீரும் அவர் மனைவியும் இருக்கிற இடத்தில் பூனைக்கும் பூட்ஸுக்கும்கூட நிறம் கிடையாது.

நான் டாட்சன். பன்னிரண்டு வருஷமாக அவருக்குத் தேர்தல் வேலை பார்த்தவன். எனக்குப் பெயர்களில் பெரிய நம்பிக்கை இல்லை. எங்களை எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வராது என்பது என் அனுபவம். ஆனால் கிரீர் அப்படிப்பட்டவர் இல்லை. அவருக்குப் பெயர் முக்கியம். இளைஞராக இருந்தபோது, பேப்பர்காரர்கள் 'நீக்ரோ' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி மரியாதையாக அச்சடிக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் கடிதம் எழுதியவர். அதற்கு முந்தைய தலைமுறை 'நிறத்தவர்' என்றுதான் தங்களைச் சொல்லிக்கொண்டது. அப்படிச் சொன்ன ஒரு கிழட்டுப் பாதிரியாரை நிறைந்த சபையில் எழுந்து நின்று திருத்தியவர் இந்த கிரீர்.

1969ல் அது அவருக்கே திரும்பியது.

மார்ச்சில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல். எங்கள் வார்டில் அதில் ஜெயித்தால் கவுன்சிலர் ஆன மாதிரிதான். எதிர்த்து நின்றவன் வெர்னெல் சிம்ஸ், உயர்நிலைப் பள்ளி வாத்தியார், முப்பது வயதுகூட ஆகவில்லை. பிப்ரவரியில் ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில் இருவருக்கும் பொதுவாகக் கூட்டம் வைத்தார்கள். கிரீர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து, "நீக்ரோ மக்களாகிய நாம்..." என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து சீறல் வந்தது.

"யோவ் பெரியவரே, நீக்ரோ செத்து ரொம்ப நாளாச்சு!" என்றான் ஒருவன்.

"எப்பய்யா அடக்கம்? சொல்லியிருந்தா பூ வாங்கிட்டு வந்திருப்போம்ல!" என்றாள் ஒரு பெண். அரங்கமே சிரித்தது. கிரீர் கொண்டுவந்த மருத்துவமனை, தெருவிளக்கு, வேலைவாய்ப்பு எல்லாம் அந்தச் சிரிப்பில் போயின. சிம்ஸ் எழுந்து "கறுப்பர்களாகிய நாம்" என்றான். எழுந்து நின்று கைதட்டினார்கள். கிரீர் தன் மனைவி அன்று வராததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

காரில் ஏறியதும் நான் சுற்றி வளைக்கவில்லை.

"தலைவரே, அந்த வார்த்தையச் சொல்லிருங்க. இல்லைன்னா தோத்துருவோம்."

"எந்த வார்த்தைய?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"ஏம்ப்பா டாட்சன், அதச் சொன்னவன் பல்ல ஒடச்சவன் நான். இப்ப ஓட்டுக்காக நானே மைக் போட்டுச் சொல்லணுமா? வீட்டுக்குப் போயி ஆர்டீலியா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அந்தக் காலத்துல அது திட்டு. இப்ப இல்ல. பசங்க அத பேட்ஜா சட்டையிலயே குத்திக்கிட்டுத் திரியறானுங்க. 'நிறத்தவர்'னு சொன்ன பாதிரியார நீங்க எந்திரிச்சு நின்னு அடக்குனீங்களே, அவருக்கும் அன்னைக்கு இப்படித்தான இருந்திருக்கும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் தோற்க விருப்பமில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "முயற்சி பண்ணிப் பாக்கிறேன்" என்றார். அடுத்த வாரம் முழுக்கக் காரில் போகும்போது பழக்கினேன். டயரைக் காட்டி என்ன நிறம் என்றேன். சொன்னார். குடையைக் காட்டினேன். சொன்னார். "இப்ப மனுஷங்க" என்றேன். உதடு திறந்தது, தொண்டையைக் கனைத்துக்கொண்டார், இருமினார். நாற்பது வருஷம் வாயைக் கட்டியவருக்கு ஒரு வாரத்தில் அவிழ்க்கத் தெரியவில்லை.

கடைசிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில். அதற்கு ஆர்டீலியா வந்தே ஆக வேண்டும், வேட்பாளரின் மனைவி முன் வரிசையில் இல்லாவிட்டால் ஊர் கதை கட்டிவிடும். பேச்சை நானே தட்டச்சு செய்து நாலு இடத்தில் 'கறுப்பர்' போட்டிருந்தேன். அந்த அம்மாள் திடீரென்று கேட்டு நொறுங்கிப்போகக் கூடாது என்று சனிக்கிழமை மதியம் முன்கூட்டியே சொல்லப் போனேன். கிரீர் வெளியே ஓட்டுக் கேட்கப் போயிருந்தார். ஆர்டீலியா சமையலறையில் கீரை அலசிக்கொண்டிருந்தார். அறுபது வயது. நேராக நிமிர்ந்து நிற்கிற, கறாராகப் பேசுகிற பெண்மணி.

"அவர் அனுப்பினாரா?" என்றார்.

"இல்ல சிஸ்டர், நானாத்தான் வந்தேன். நாளைக்குக் கூட்டத்துல தலைவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"எந்த வார்த்தை?"

நான் வாசற்படியைப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன்.

"சொல்லித் தொலைப்பா. கூரை இடிஞ்சு விழாது."

"கறுப்புன்னு."

அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். "விழலையே" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"செவ்வாக்கெழம சிம்ஸோட ஆளு ஒரு பொண்ணு வந்தா. முடியச் சூடு போட்டு நீட்டாம அப்படியே சுருளச் சுருள விட்டிருந்தா. நான் கதவத் தொறந்ததும் நோட்டீஸ நீட்டப் போனவ அப்படியே நின்னுட்டா. 'அம்மா, என்ன கறுப்பு நீங்க! எவ்வளவு அழகா இருக்கீங்க!'ன்னா."

"அடப்பாவி. நல்லாக் குடுத்தீங்களா?"

"கதவச் சாத்திட்டேன். குளியலறையில போயி உக்காந்து அழுதேன். அப்புறம் எந்திரிச்சு கண்ணாடியப் பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன், டாட்சன்."

இந்த மாதிரி இடத்தில் என்ன சொல்வது என்று எந்தத் தேர்தலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"ராஸ்கோ பல்ல ஒடச்சாரே, அன்னைக்கு சர்ச்சுப் பொம்பளைங்க எல்லாம் என்னப் பொறாமையாப் பாத்தாளுங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். என்னத் திருடின்னு ஒருத்தன் சொன்னா அவர் அடிக்கலாம், ஏன்னா நான் திருடி இல்ல. ஆனா நான் கறுப்புதானே? இருக்கிறதச் சொன்னவன் பல்ல எதுக்கு ஒடைக்கணும்? அது அவ்வளவு கேவலமா? நாப்பது வருஷமா இந்த வீட்டுல அத யாரும் சொல்றதில்ல. ஏதோ எழவு விழுந்த வீட்டுல பேசற மாதிரி குசுகுசுன்னு பேசறீங்க. உங்க ஆபீஸ்ல காபிய எப்படிக் கேக்குறீங்கன்னும் எனக்குத் தெரியும்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"என் மாமியார் வாயத் தொறந்து திட்டுனா. என் புருஷனுக்கும் உள்ளுக்குள்ள அதே நெனப்புதான். அத மூடி வெச்சுட்டாரு, அவ்வளவுதான்" என்றார்.

"இதெல்லாம் தலைவருக்குத் தெரியாது சிஸ்டர். நான் இப்பவே போயி..."

"போவ மாட்ட. நீ சொன்னா நாளைக்கு நூறு தடவ சொல்வாரு, எனக்காக. எனக்காக எதுவும் வேணாம். அவரு வாயில அது தானா வரணும். என்னைப் பாத்துச் சொல்லணும். சொல்றாரான்னு நான் பாக்கணும். சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். ஓட்டுக்காக நான் சொல்லாத பொய் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளம் நிரம்பி வழிந்தது. பொரித்த மீன் வாசனை, ஈரக் கம்பளிக் கோட்டு வாசனை. சிம்ஸின் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் பின் சுவரோரம் சீறுவதற்குத் தயாராக நின்றார்கள். ஆர்டீலியா முன் வரிசை நடுவில், மஞ்சள் உடுப்பில். வழக்கமாகச் சாம்பல் நிறம்தான் உடுத்துவார். அவர் நிறத்துக்கு மஞ்சள் எடுக்காது என்று யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். அன்று அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

கிரீர் நான் எழுதிய காகிதத்தைப் பிரித்தார். மருத்துவமனையைச் சொன்னார், வீட்டு வாடகையைச் சொன்னார். 'கறுப்பர்' போட்டிருந்த முதல் இடம் வந்தது. நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் லேசாக முன்னால் சாய்ந்தார், தாடையைத் தூக்கிக்கொண்டு. அந்த முகத்தில் அவ்வளவு ஆசை. சொல்லிவிடு மனுஷா என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

கிரீர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"என்னை ஒரு வார்த்தை சொல்லச் சொல்றாங்க. அதச் சொன்னாத்தான் உங்க பசங்க ஓட்டுப் போடுவாங்களாம். அதோ முன்னாடி உக்காந்திருக்காளே, என் பொண்டாட்டி. அந்த வார்த்தையாலதான் அவளச் சின்ன வயசுலேர்ந்து அடிச்சாங்க. ஸ்கூல்ல அடிச்சாங்க, இந்தச் சர்ச்சுல அடிச்சாங்க, என்னைப் பெத்தவளே அடிச்சா. கர்த்தர் முன்னால சத்தியமாச் சொல்றேன், என் வாயால அது வராது. நான் தோத்தாலும் சரி. எந்திரிச்சு நில்லு, ஆர்டீலியா. எல்லாரும் உன்னைப் பாக்கட்டும்."

ஆர்டீலியா எழுந்து நின்றார். முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் முன்னால் இருந்த கிழவிகள் "ஆமென்" என்றார்கள். அப்புறம் கைதட்டல் கிளம்பியது. கீழ்த்தளமே எழுந்து நின்று தட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அந்தக் காலத்தில் "சிரிடி" என்றவர்களும்தான். சுவரோரப் பையன்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான். ஒருவர்கூடச் சீறவில்லை. எல்லோருடைய கண்ணிலும் இரக்கம். பக்கத்தில் இருந்தவர் ஆர்டீலியாவின் தோளை, ஆபரேஷன் முடிந்தவர்களைத் தொடுகிற மாதிரி மெதுவாகத் தொட்டார். ஆர்டீலியா வேட்பாளர் மனைவிகள் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

மேடையிலிருந்து இறங்கிய கிரீர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா டாட்சன்? அழுகுறா. நாப்பது வருஷத்துல அவளுக்கு நான் செஞ்ச பெரிய காரியம் இதுதான்" என்றார். அவர் சந்தோஷமாக இருந்தார். அவரைவிட நல்ல மனிதரை நான் அந்த வார்டில் பார்த்ததில்லை. "பாத்தேன் தலைவரே" என்றேன்.

அந்தப் பேச்சு அன்று மாலையே வார்டு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலையில் அவனவன் தானே போன் பண்ணி ஓட்டு நமக்குத்தான் என்றான். தேர்தல் நாளில் கிரீர் பூத் பூத்தாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் ஆர்டீலியாவை ஓட்டுப் போட நான்தான் அழைத்துப் போனேன். மறுபடி சாம்பல் நிறக் கோட்டு. உள்ளே போய்ச் சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் சிம்ஸின் ஆட்களோடு அந்தச் சுருள் முடிப் பெண்ணும் நோட்டீஸ் கட்டோடு நின்றாள். இவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்கம்மா, அன்னைக்கு நான் தெரியாமச் சொல்லிட்டேன்" என்றாள்.

ஆர்டீலியா அவளுடைய கன்னத்தைத் தொட்டார். ஒன்றும் பேசாமல் காருக்கு நடந்தார். கதவைத் திறந்துவிட்டேன். உட்கார்ந்தவர், "யாருக்குப் போட்டேன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

"மாட்டேன் சிஸ்டர்."

"அவருக்குத்தான் போட்டேன். வேற யாருக்குப் போடுவேன்? எனக்காக இந்த ஊரையே அடிப்பாரு." கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டினார். "என்னைப் பாக்கத்தான் மாட்டாரு. போ, வண்டிய எடு."

நான் வண்டியை எடுத்தேன்.