யார் அதிகம் துடைக்கிறார்கள்

சங்கமித்ராவுக்கு இருந்தது ஐந்தே நாள். திங்கட்கிழமை வந்தால் அவள் அம்மா பூவம்மாவும் கூட வேலை பார்க்கும் எட்டுப் பெண்களும் மாதவரத்தில் ஒரு குடோனுக்கு மூட்டை பிரிக்கப் போய்விடுவார்கள். வியாசர்பாடியில் பதினோரு வருடமாக அவர்கள் சேர்ந்து நடத்திய பனியன் வேஸ்ட் ஷெட்டும் அத்தோடு சரி.

பனியன் வேஸ்ட் என்றதும் ஏதோ குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பூரில் கழித்துக்கட்டிய பனியன் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதில் பட்டன், ஜிப், ரப்பர் படம், நைலான் எல்லாவற்றையும் தள்ளி, தையலை வெட்டி, உள்ளங்கைக்கு அடங்குகிற துண்டுகளாக்கிக் கட்ட வேண்டும். இன்ஜினில் வழிகிற ஆயிலைத் துடைக்க அந்தத் துண்டு இல்லாமல் பட்டறைக்காரனுக்கு ஒரு நாள் ஓடாது. கட்டுக்குள் ஒரே ஒரு பட்டன் தப்பிப் போய்விட்டால் பூவம்மா அன்று முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அப்படி ஒரு கிறுக்கு அவளுக்கு.

சரக்கை வாங்கிப் போவது ஏஜென்ட் ஜெபின் ஒருவன்தான். எந்தக் கம்பெனிக்குக் கொடுக்கிறான் என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, தொழில் ரகசியமாம். போன வருடம் பாதிக் கட்டு போதும் என்றான். இரண்டு மாதத்துக்கு முன் அதுவும் வேண்டாம் என்றான்.

"என்ன செய்யக்கா, கம்பெனிக்காரனெல்லாம் பேப்பர் ரோலுக்கு மாறிட்டான்."

பூவம்மா நம்பிவிட்டாள். சங்கமித்ரா எம்.காம். இரண்டாம் வருடம் படிக்கிறவள். நம்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று புதன்கிழமை காலை பேசின் பிரிட்ஜில் ரயிலைப் பிடித்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனாள்.

பையை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கம்பெனிகளின் விவரமெல்லாம் அடங்கிய ஒரு தளம் அதில் உண்டு. வெளியே இருந்து பார்க்கச் சந்தா கட்டி மாளாது. உள்ளே மாணவர் அட்டை போதும். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் தேடச் சொன்னாள். முந்நூற்று எண்பது கம்பெனி வந்து விழுந்தது. அம்மாடி, இத்தனை பேரை வைத்துக்கொண்டா நாம் ஜெபின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கு வியாபாரம் பெரியது என்று வரிசைப்படுத்தி, முதல் பதினோரு பெயரை எழுதிக்கொண்டாள். அங்கேதான் சறுக்கினாள், ஆனால் அது அப்போது தெரியவில்லை.

வியாழனும் வெள்ளியும் கையில் மாதிரித் துண்டோடு அலைந்தாள். பட்டியலில் முதலாவதாக இருந்த கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாம் பைப்புலயே வருது, பைப்புலயே போவுது. இங்க தொடைக்க இன்னா கீது பாப்பா?"

இரண்டாவது கம்பெனிக்குத் தொழிற்சாலை குஜராத்தில். மூன்றாவது விலாசத்தில் ஒரு மேஜை, ஒரு ஃபேன், தூங்கி வழிகிற ஒரு கிளார்க். மீதி எட்டும் இதே லட்சணம்தான். வெள்ளிக்கிழமை பொழுது சாய வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றி வீசினாள்.

பூவம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "இன்னாடி, எவன பார்த்துட்டு வந்த?"

"பெரிய பெரிய கம்பெனியாத்தான் பார்த்தேம்மா. ஒருத்தனுக்கும் துணி வேணாவாம்."

"துட்டு கீறவன தேடிகினு போனா? அவன் கை அழுக்காவாதுடி. ஆயில்ல பொரள்றவன தேடு."

"அவன எப்டிம்மா தேடுறது? அழுக்குன்னு போட்டா லிஸ்ட் வருமா?"

"எனக்கு இன்னா தெரியும்? தொடச்ச துணிய குப்பைல கூட போட முடியாதாம், தீ புடிக்குமாம். அதுக்குன்னு தனியா லாரி வந்து எடை போட்டு எடுத்துகினு போவுது. வருஷத்துக்கு இவ்ளோன்னு சர்க்காருக்கு எழுதிக் குடுக்கணுமாம், பேஜாருன்னு ஜெபினே ஒரு தபா பொலம்பினான்."

சங்கமித்ராவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. வாங்குகிற துணியை ரகசியமாக வாங்கலாம். தூக்கிப் போடுகிற துணியை ரகசியமாகப் போட முடியாது. எடை போட்டு எழுதியிருக்கிறார்கள் என்றால் அது எங்கேயாவது காகிதமாக இருந்தே ஆகவேண்டும்.

சனிக்கிழமை நூலகம் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நின்றாள். நூலக உதவியாளர் தங்கபுஷ்பம் அவள் கேட்டதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சுற்றுச்சூழல் அறிக்கையா? எம்.காம். பிள்ளைங்க யாரும் அந்தப் பக்கமே வந்ததில்லையே. பீரோ சாவியத் தேடணும், இரு."

கம்பெனிகள் ஆண்டுதோறும் கொடுக்கிற அறிக்கைகள் ஊர்வாரியாகக் கட்டி அடுக்கியிருந்தன. தூசு தட்டித் தட்டி அவளுக்குத் தும்மல் வந்தது. என்னென்ன கழிவு, எத்தனை கிலோ, எங்கே போகிறது, எல்லாம் இருந்தது. அதில் ஒரு வரி, எண்ணெய் தோய்ந்த துணி. ஒரு கம்பெனிக்கு இருநூறு கிலோ, இன்னொன்றுக்கு முந்நூற்றைம்பது. அவளுடைய பட்டியலில் முதலாவதாக நின்ற பெரிய மனிதருக்கு வெறும் பன்னிரண்டு கிலோ. அந்த இடத்தில் அவளுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

பதினெட்டாவது கட்டில் திருவொற்றியூர் நெய்தல் மரைன் வந்தது. கப்பல் இன்ஜின் பழுது பார்க்கிற இடம். வியாபார வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயர், அவள் கண்ணில்கூடப் படாத பெயர். முந்தின வருடம் அங்கே ஆறு டன் துணி. போன வருடம் ஒன்பதரை டன்.

பேப்பர் ரோலுக்கு மாறிவிட்டார்களாம்! பக்கத்தைத் திருப்பினாள். முந்தின வருடம் பழுது பார்த்த இன்ஜின் நாற்பது, போன வருடம் நாற்பத்தொன்று. ஒரு இன்ஜின் கூடினதற்கா மூன்றரை டன் துணி? இது எங்கேயோ இடிக்கிறதே என்று தோன்றியது. ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை.

"அடியம்மா" என்று அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் போல. தங்கபுஷ்பம் உதட்டில் விரல் வைத்து முறைத்தார். அப்புறம் பொறுக்கமாட்டாமல் அவரே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்படி என்ன கிடைச்சுது?"

"அழுக்குத் துணி மேடம்."

படிக்கட்டில் இறங்கும்போதே அம்மாவைப் போனில் பிடித்தாள். "ம்மா, நல்ல புடவையா கட்டிகினு கெளம்பு. ரெண்டு மணிக்கு திருவொற்றியூர் தேரடியாண்ட நில்லு. இன்னா ஏதுன்னு கேக்காத, வா."

நெய்தல் மரைன் கேட்டைத் தாண்டினதுமே ஆயில் நெடி மூக்கைத் துளைத்தது. எதிரே வந்த ஆட்களுக்கெல்லாம் முழங்கை வரை கறுப்பு. பூவம்மா இரண்டு மாதத்துக்கு அப்புறம் சிரித்தாள்.

"இதாண்டி எடம்" என்றாள்.

பர்சேஸ் பார்க்கிற ஞானசெல்வி மேஜையை ஒழித்துவைத்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை விரித்தார்.

"வேஸ்ட் துணிக்கு எங்களுக்கு ஆள் இருக்கும்மா. ஜெபின்னு ஒரு தம்பி போடுதாரு."

பூவம்மாவின் முகம் செத்துப் போயிற்று. மகளின் முழங்கையைப் பிடித்து, போகலாம் என்று இழுத்தாள். சங்கமித்ராவுக்கு ஆத்திரம் ஏறியது. பேப்பர் ரோல் என்று சொல்லிவிட்டு இங்கேயே துணி போட்டுக்கொண்டிருக்கிறான், படுபாவி. அழுதுவிடுவோமோ என்று பயந்து, கேட்க நினைத்ததைச் சட்டென்று கேட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். போன வருஷம் ஒரு இன்ஜின்தான் கூட வந்திருக்கு. துணி மட்டும் ஆறு டன்லேர்ந்து ஒம்பதரை டன் ஆயிடுச்சே, ஏன்?"

கைப்பையை மாட்டப் போன ஞானசெல்வியின் கை நின்றது. "இத உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான் மேடம். நீங்க குடுத்த அறிக்கைலதான் இருந்துச்சு. லைப்ரரில பார்த்தேன்."

ஞானசெல்வி நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். "துணி ஆயிலக் குடிக்கவே மாட்டேங்கு" என்றார் அலுப்பாக. "ஒண்ணு எடுக்கிற எடத்துல ரெண்டு, மூணு போகு. போன மாசம் பட்டன் ஒண்ணு சிக்கி ஒரு பேரிங்கக் கீறிட்டு. முந்தியெல்லாம் இப்படி இல்ல."

பூவம்மா கேட்காமலேயே மூலையில் கிடந்த துணிக்கட்டிலிருந்து ஒரு துண்டை உருவி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். "பாதி நைலானு மேடம். இது எப்டி குடிக்கும்? முந்தி வந்தது எப்டி இருந்துச்சு, ஒண்ணு காட்றீங்களா?"

"மாரியப்பன் கிட்ட ஒண்ணு இருக்கணுமே" என்று ஞானசெல்வி ஆள் அனுப்பினார்.

ஃபிட்டர் மாரியப்பன் அரை மனசாகத்தான் வந்தார். கூடவே கொண்டுவந்த இரும்புப் பெட்டியை இடுப்புச் சாவியால் திறந்து ஒரு துணிக்கட்டை எடுத்தார். கொடுக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "கடைசிக் கட்டு மேடம். வால்வுக்கு மட்டும் எடுத்துகினு கீறேன். பசங்க பார்த்தா தூக்கிடுவானுங்கன்னு பூட்டி வச்சேன்."

பூவம்மா கையை நீட்டி வாங்கினாள். கட்டைத் திருப்பி முடிச்சைப் பார்த்தாள்.

"இது எங்க சாரா கட்னது. முடிச்ச உள்ள மடிச்சு சொருவுறது அவதான். எங்க ஷெட்டு துணி மேடம் இது." நம்புவார்களோ மாட்டார்களோ என்று முடிச்சை அவிழ்த்து, துண்டுகளைத் தட்டிச் சேர்த்து, அதே மாதிரி மடித்துச் சொருகிக் காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

பதினோரு வருடமாகத் தன் துணி யார் கையில் போய்ச் சேர்கிறது என்று தெரியாதவள் அவள். அதை ஒருவர் பூட்டி வைத்துப் பயன்படுத்துகிறார் என்றதும் அவளுக்குத் தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சங்கமித்ராவுக்கோ எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

ஞானசெல்வி ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். "ஜெபின் தம்பிட்ட நான் பேசிக்கிடுதேன். திங்கக்கிழமை முத லோடு நேரா இங்க வந்துரணும். அப்புறம் வாராவாரம். முடியுமா?"

"முடியும் மேடம்" என்று அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சங்கமித்ரா அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "சாராக்கா, மாதவரத்துக்கு யாரும் போவாதீங்க. எல்லாரையும் ஷெட்டாண்ட வரச் சொல்லு, வந்துகினே கீறோம்."

மாரியப்பன் கட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மறுபடியும் சாவியைத் திருப்பப் போனார். பூவம்மா அவர் கையைத் தடுத்தாள்.

"இன்னும் இன்னாத்துக்கு நைனா பூட்டு? தாராளமா எடுத்து தொட. நாங்க கீறோம்."