சென்சாருக்கு ஒத்தடம்

ஏழு மாடிக் கட்டிடத்தின் ஏசி முழுக்க என் பொறுப்பு. பதினாறு வருஷமாகத் தரைக்குக் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரு திரையைப் பார்த்து, எந்த மாடியில் எத்தனை டிகிரி என்று ஆட்சி செய்து வருகிறேன். யாராவது படியிறங்கி வந்து குளிருகிறது என்றால் திரையைக் காட்டுவேன். அதில் இருபத்துநாலு என்று இருக்கும். இருபத்துநாலிலும் குளிர்ந்தால் கோளாறு அவர் உடம்பில், என் மெஷினில் இல்லை. இதை முகத்துக்கு நேராகவே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட என்னை நிர்வாக அதிகாரி அம்மா கூப்பிட்டார். இந்தக் கட்டிடம் குடிக்கும் கரண்டில் பாதி ஏசிக்கே போகிறது, ஒரு மாதத்தில் பதினைந்து சதவீதம் குறைத்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவோம் என்றார். வெளிக் கம்பெனி உள்ளே வந்தால் நான் வெளியே. ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு எவன் வேலை கொடுப்பான்? "செஞ்சிடலாம் மேடம்" என்று வாய் சொல்லிவிட்டது.

என் மனைவி அதே கட்டிடத்தில் நாலாவது மாடி, கோப்புப் பிரிவு. வீட்டில் சாப்பிடும்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். வழக்கத்துக்கு மாறாகக் காது கொடுத்துக் கேட்டாள்.

"ஏங்க, எங்க மாடியில எவ்வளவு சூடுன்னு கீழ இருக்கிற மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"சுவத்துல ஒரு வெள்ளைப் பெட்டி இருக்குல்ல, அதான் சென்சார். அது என்ன உணருதோ அதை மட்டும்தான் மெஷின் நம்பும். மனுஷங்க சொல்றதையெல்லாம் நம்பாது."

"உங்களை மாதிரியே" என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பம்பரமாகச் சுற்றினேன். ஃபில்டர்களைக் கழற்றினால் கம்பளி கனத்துக்குத் தூசி. காற்றுக் குழாயில் ஒழுகிய இடமெல்லாம் அடைத்தேன். ஆளில்லாத கூடத்துக்கு வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருந்த குளிரை நிறுத்தினேன். ஒரே வாரத்தில் ஆறு மாடிகளில் கரண்ட் யூனிட் குறைந்தது. நாலாவது மாடியில் மட்டும் ஏறியது.

திரையில் முப்பத்தொன்று காட்டியது. குளிரைக் கூட்டினேன். முப்பத்துமூன்று ஆனது. முழுசாகத் திறந்துவிட்டேன். அந்த மாடிக்காரர்களோ போன் மேல் போன் போட்டு, குளிர் தாங்கவில்லை என்றார்கள். முப்பத்துமூன்றில் குளிராம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? வீட்டில் என் மனைவி மூக்கு அடைத்துப்போய்ப் போர்வையோடு திரிந்தாள். நேரத்துக்குச் சாப்பிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்கும் புத்தி சொன்னேன்.

பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. எட்டு சதவீதம்தான் குறைந்திருந்தது. ஆறு மாடியில் நான் சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒரு மாடி விழுங்கிக்கொண்டிருந்தது. சென்சார்தான் கெட்டிருக்கும் என்று புதுசு ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

கதவைத் திறந்ததும் பல் கிட்டியது. கோப்புப் பிரிவில் ஐந்து பேரும் கோட்டு போட்டிருந்தார்கள். டைப்பிஸ்ட் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, விரல் நுனி வெட்டிய கையுறையோடு தட்டிக்கொண்டிருந்தார். சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலண்டர் கர்ப்பிணி மாதிரி புடைத்துக்கொண்டு தொங்கியது. தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை, சென்சாரைக் கட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு, எந்த மணிக்கு யார் வெந்நீர் மாற்ற வேண்டும் என்று முறை போட்டு. பத்து மணிக்கு என் மனைவி.

திரும்பினால் அவளே கெட்டிலோடு நின்றாள்.

"நீங்கதானே சொன்னீங்க, அந்தப் பெட்டி சொல்றதைத்தான் மெஷின் நம்பும்னு. அதுக்குக் கதகதப்பா இருந்தா மெஷினும் கதகதப்பா விடும்னு நினைச்சோம்."

"அடிப்பாவி, நேர் எதிர். பெட்டி சுட்டா, இங்க எல்லாரும் வெந்துபோறாங்கன்னு இன்னும் குளிரை அள்ளிக் கொட்டும்."

"அதான் சார் எங்களுக்குப் புரியல" என்றார் டைப்பிஸ்ட். "குளிர் கூடுதேன்னு, ரெண்டு மணிக்கு ஒருக்கா மாத்துன வெந்நீரை மணிக்கு ஒருக்கா மாத்துனோம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பையைக் கழற்றினேன். என் மனைவியின் நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் ஏசி காற்று வரும் துவாரத்தைப் பார்த்தேன். உள்ளே காற்றைப் பிரித்துவிடும் தகடு துருப்பிடித்துச் சிக்கி, அந்த மாடியின் குளிரெல்லாம் அவள் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திருப்பினேன். நாலு நிமிஷ வேலை.

மாதம் முடிந்தபோது பதினாலு சதவீதம். இலக்குக்கு இன்னும் ஒன்று பாக்கி. நாலாவது மாடியில் சென்சாரைச் சூடாக்கியதுதான் காரணம் என்று அதிகாரி அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னும் ஒரு மாசம் தரேன்" என்றார் அதிகாரி அம்மா. "ஆனா நாலாவது மாடியைக் கெடுத்தது யாருன்னு பேரோட எழுதிக் கொடுங்க. அவங்களுக்கு மெமோ போகணும். பேர் இல்லைன்னா கம்பெனிக்காரங்களை வரச் சொல்லிடுவேன்."

மனைவியிடம் சொன்னேன். "என் பேரை எழுதுங்க" என்றாள். "மெமோதானே, வாங்கிக்கிறேன். உங்க வேலை போகக் கூடாது."

நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பை எப்போது தொங்கவிடப்பட்டது என்று தேதி போடுவதற்காகப் புகார் நோட்டைப் புரட்டினேன். மூன்று வருஷத்தில் நாலாவது மாடியிலிருந்து நாற்பத்தொரு புகார். முப்பத்தெட்டு அவள் கையெழுத்து. 'தலைக்கு மேல் குளிர்காற்று. தயவுசெய்து வந்து பார்க்கவும்.' ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்து: 'பார்க்கப்பட்டது. சரியாக உள்ளது.' ஒரு தடவைகூட நான் படியேறவில்லை. வெட்கமாக இருந்தது.

காகிதத்தில் என் பெயரை எழுதினேன். நோட்டையும் சேர்த்துக் கொண்டுபோய் வைத்தேன்.

அதிகாரி அம்மா இரண்டு தடவை படித்தார். "இது தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?"

"ஆமா மேடம்."

"மெமோ உங்களுக்குத்தான் வரும். அந்த ஒரு மாசமும் உங்களுக்குத்தான். தினம் ஏழு மாடியும் ஏறி, ஒவ்வொரு மாடியிலயும் பத்து நிமிஷம் உக்காந்துட்டு வரணும். அப்புறம் திரையைப் பாருங்க."

வேலை தப்பியது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டைப் பார்த்ததையும் சேர்த்து. பெரிய தியாகம் செய்துவிட்ட மிதப்பு கொஞ்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவள் போர்வையை மடித்து வைத்தாள். "ஆபீஸ்ல சொன்னதுக்கு நோட்டு இருக்கு. வீட்டுல சொன்னதை எதுல பார்ப்பீங்க?"

"என்னென்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"உக்காருங்க" என்றாள். "நேரமாகும்."